பாக்கியம் கேட்ட தொங்கட்டான்

மூன்றாவது ஜோடியையும் மேசைமேல் வைத்துவிட்டுப் பாக்கியம் சொன்னாள்: “இது இல்ல அண்ணாச்சி.”

ராஜபாளையத்தில் மில்லுகளுக்கு நூல் சுற்றும் மர பாபின் கடைந்துகொண்டிருந்தவன் நான். பிளாஸ்டிக் பாபின் வந்ததும் அதே லேத்தில் மரத்தில் தோடும் ஜிமிக்கியும் கடைய ஆரம்பித்தேன். எண்பதுகளின் கடைசி அது. ஒரு படம் ரிலீஸானால் போதும், மறுவாரம் கடைக்கு முன்னால் பெண்கள் நிற்பார்கள். “அந்தப் பாட்டுல போட்டிருப்பாளே, அது.” போட்டோ கிடையாது. கையால் காற்றில் வரைந்து காட்டுவார்கள். இந்தத் தொழிலில் என்னைப் பாதி கிழவனாக்கியது அந்தக் காற்றுப் படம்தான்.

பாக்கியம் சுந்தரபாண்டியத்துக்காரி. புருஷன் ராணுவத்தில் இருந்தார். போன லீவில் வந்தபோது இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு படம் பார்த்தார்களாம். கதாநாயகியின் தொங்கட்டானைப் பார்த்து அவர் ‘நல்லாருக்கு’ என்றாராம். அவர் அடுத்த லீவுக்கு வரும்போது அது தன் காதில் இருக்க வேண்டும் என்று வந்தாள்.

முதலில் மொட்டு மாதிரி என்றாள். வெப்பாலைக் கட்டையில் கடைந்து, சிவப்பு அரக்கு ஏற்றிக் கொடுத்தேன். இல்லையாம், கீழே மணி தொங்குமாம். மணி வைத்தேன். அதுவும் இல்லையாம், இன்னும் நீளமாம். நீட்டிக் கடைந்த மூன்றாவதைத்தான் இப்போது மேசைமேல் வைத்துவிட்டாள்.

“ஆடணும் அண்ணாச்சி. ஆனா ரொம்ப ஆடப்படாது.”

“எம்புட்டு ஆடணும் தாயி? அதையாச்சும் சொல்லு.”

“கன்னத்துல படணும். இடிக்கக் கூடாது.”

உளியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் படம் அப்போது கான்சாபுரம் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். மணல் தரையில் உட்கார்ந்து, கொசுக்கடியில், அவள் சொன்ன பாட்டு வரும்வரை காத்திருந்தேன். பாட்டும் வந்தது. கதாநாயகி தலையை விரித்துப் போட்டிருந்தாள், காதே தெரியவில்லை. ஒரே ஒரு இடத்தில் கூந்தலை ஒதுக்கினாள். காதோடு ஒட்டிய சின்னத் தோடு. தொங்கட்டானே இல்லை!

பாக்கியம் வந்ததும் கொட்டித் தீர்த்தேன். “படத்துல அவ வெறும் தோடுதாம்மா போட்டிருக்கா. எங்கண்ணால பாத்தேன்.”

அவள் அசையவில்லை. “அவிய நல்லாருக்குன்னது தொங்கட்டானத்தான்” என்றாள்.

இனி வாதாட எனக்குத் தெம்பில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்லக் கடைந்தேன். கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “இதேதான்” என்று எடுத்துக்கொண்டு போனாள்.

லீவில் புருஷன் வந்தார். அவள் ஜவுளி எடுக்கப் போன நேரத்தில் தனியாக என் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அண்ணாச்சி, அவ போட்டிருக்கிறது எந்தப் படத்துல வருது?”

“நீங்கதானய்யா நல்லாருக்குன்னீக!”

“நானா? ரயில்ல ஒக்காந்தே வந்த அலுப்பு, தியேட்டர்ல போயி ஒக்காந்ததும் தூங்கிட்டேன். நடுவுல இடிச்சு என்னமோ கேட்டா. நல்லாருக்குன்னுட்டு மறுபடி தூங்கிட்டேன். அவகிட்ட சொல்லிறாதீக.”

வீணாய்ப் போன கட்டைகளும் கொட்டகைக் கொசுவும் என் கண் முன்னால் வந்து நின்றன. ராணுவத்துக்காரர் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் திரும்பிப் போன பிறகு, கொக்கி தளர்ந்துவிட்டதென்று பாக்கியம் வந்தாள். குறட்டால் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

“அவிய தூங்குனத ஒங்ககிட்ட சொல்லிட்டாகளா?” என்றாள்.

குறடு கையிலேயே நின்றது. “ஒனக்குத் தெரியுமா?”

“கொறட்டச் சத்தம் எனக்குத்தான அண்ணாச்சி கேட்டுச்சு.”

“பொறவு எதுக்கும்மா எம் உசுர வாங்குன?”

“அம்புட்டு நாளு லீவுல அவிய ‘நல்லாருக்கு’ன்னு சொன்னது அந்த ஒரு தடவதான். தூக்கத்துல சொன்னாலும் எங்கிட்டதான சொன்னாக. எது நல்லாருக்குன்னு நாந்தான முடிவு பண்ணணும்?” சொல்லிக்கொண்டே தொங்கட்டானை மாட்டினாள். “இந்தத் தடவ முழிச்சிருந்தே சொன்னாக.”

கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் கொக்கி இறுக்கியதற்குக் காசு வாங்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘அந்தப் படத்துல வருமே’ என்று யாராவது ஆரம்பித்தால் படத்தைத் தேடி ஓடாதீர்கள். அதன் பிறகு நான் “இதப் போட்டா யாரு பாக்கணும் தாயி?” என்று மட்டும்தான் கேட்டேன். சிலர் முறைத்துவிட்டுப் போனார்கள். பதில் சொன்னவர்களுக்கு முதல் ஜோடியே சரியாக அமைந்தது.