நாடாப் புண் அல்ல

காய்ச்சலுக்கு நான்கு நாள் முன்பே அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டேன். இடுப்பின் இடது பக்கம், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், மிளகளவு. வலி இல்லை. எங்கள் கச்சிராயபாளையத்தில் சேலை கட்டும் பெண்கள் பாதிப் பேருக்கு அந்த இடம் கருத்துத்தான் இருக்கும். நாடாப் புண்ணுக்கெல்லாம் யார் டாக்டரிடம் போவார்கள் என்று சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அதற்குப் பத்து நாள் முன்பு கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போயிருந்தோம். புதரோரம் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

காய்ச்சலின் ஆறாம் நாள் கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. மூச்சு வாங்கியது, பேச்சு குழறியது, அன்றே நினைவும் தப்பியது. இளம் டாக்டரம்மா ஒருவர்தான் நாடாவை அவிழ்த்துப் பார்த்தாராம். ஸ்க்ரப் டைஃபஸ் (புதரில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) என்றாராம். கடித்த இடத்தில் விழும் கருப்புப் பொருக்குக்குத்தான் நான் சுண்ணாம்பு வைத்தியம் பார்த்திருக்கிறேன். டாக்சிசைக்ளின் (கிருமியைக் கொல்லும் மருந்து) கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று குடித்த கஞ்சியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் டாக்டரம்மா ஒரு தாளோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

“அக்கா, நீங்க நெனவில்லாம இருந்தப்ப அந்தப் பொருக்கைப் போட்டோ எடுத்தேன். உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டாரு. ஆனா ஒடம்பு உங்களுது. நீங்கதான் சொல்லணும்.”

சுர்ரென்று கோபம் வந்தது. கதவோரம் நின்ற என் கணவரைப் பார்த்தேன்.

“ஆபரேசனுக்குக் கேக்கறாங்கன்னு நெனச்சிக்கினு போட்டுட்டன். நீ பொழைச்சா போதும்னு இருந்துச்சி. படிச்சா பாத்தன்?” என்றார்.

அழுகை வந்தது. கோபமும் போகவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “மத்த டாக்டருங்களுக்கும் தெரியட்டும்னு இந்தப் படத்தப் பொது அனுமதியோட இணையத்துல போடத்தான் இந்தத் தாள். அப்படிப் போட்டா யார் வேணா கேக்காம எடுத்துக்கலாம். பாடம் நடத்தலாம், புத்தகத்துல போட்டு விக்கலாம். படம் எடுத்தவங்க பேரப் போட்டா போதும். அப்புறம் நீங்க வேணாம்னாலும் திரும்ப வாங்க முடியாது. இப்ப வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன். வைத்தியத்துல ஒரு கொறையும் வராது.”

“எடுத்தவங்கன்னா உங்க பேருங்களா?”

“ஆமாங்க.”

“இடுப்பு என்னுது, பேரு உங்களுதுங்களா?”

சிரித்துவிட்டார். என் பெயரைப் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்றார்.

போனை வாங்கிப் பார்த்தேன். தோலைப் பார்க்க வெட்கமாக இல்லை. பாவாடையில்தான் கண் நின்றது. கிழிந்த இடத்தில் எங்கள் மகளிர் குழுச் சேலைத் துண்டை ஒட்டுப் போட்டிருந்தேன். மஞ்சளில் பச்சைக் கிளி. அதைப் பார்த்தால் குழுவிலுள்ள அத்தனை பேருக்கும் இது யார் இடுப்பு என்று தெரிந்துவிடும். முகம் இல்லாவிட்டால் ஆள் தெரியாது என்பது படித்தவர்களின் நினைப்பு.

“கிளிய எடுத்துடுங்க. கீழ தமிழ்ல, இது நாடாப் புண் இல்லன்னு எழுதுங்க. அப்பன்னா கையெழுத்துப் போடறன்” என்றேன்.

கிளி போன படத்தைக் காட்டினார். தாளை இரண்டு முறை படித்துவிட்டு என் கையெழுத்தைப் போட்டேன். பழைய தாளைக் கிழிக்கச் சொன்னேன், கிழித்தார்.

உங்களிடமும் இப்படி ஒரு தாள் வந்தால், முதலில் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம்தான்.

அடுத்த கிழங்குப் பருவத்தில் மலையிலிருந்த சுகாதார நிலையத்துக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். சுவரில் என் இடுப்பு. கீழே டாக்டரம்மா பெயர். அதற்கும் கீழே என் வரி. பெஞ்சிலிருந்த ஒரு பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் திரும்பி, நாடாவுக்குள் விரலை விட்டுத் தடவினாள்.

“எனுக்கும் இங்க ஒண்ணு இருக்குதுங்க” என்றாள் நர்சிடம். நர்சு அவளை உடனே உள்ளே அழைத்துப்போனார்.

மனசு நிறைந்துபோயிருந்தது. கை தானாக என் இடுப்புக்குப் போனது. தடவித் தேடினாலும் தழும்பு தட்டுப்படவில்லை. சுவரில் மட்டும் எனக்கு இன்னும் ஆறாம் நாள் காய்ச்சல் அடித்துக்கொண்டிருக்கிறது. அடிக்கட்டும்.