கிணற்றுக் காணியின் குத்தகைக்காரன்

ரபீகாவுக்குக் காத்திருப்பது பிடிக்காது. இடியப்பம் அவிப்பவளுக்குக் காத்திருந்து பழக்கமும் இல்லை. ஒரு தட்டு வேகும் நேரத்தில் அடுத்த தட்டுக்கு மா பிழிந்தாக வேண்டும். புருஷன் மௌத்தான பிறகு கண்டி ரயில் ஸ்டேஷனைச் சுற்றியிருந்த சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள் அவள். அப்படிப்பட்டவளை ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் காக்க வைத்தது முடிக்காணிக் கந்தோர்.

அவள் குடியிருந்தது கட்டுகலையில், அரசாங்கத்துக்குச் சொந்தமான வரிசை வீடுகளில் கடைசி வீடு. அரசாங்கக் காணி, கட்டடம் எல்லாவற்றையும் வாடகைக்கும் குத்தகைக்கும் விடுவது அந்தக் கந்தோரின் வேலை. வீடுகளுக்குப் பின்னால் ஒரு துண்டுக் காணியும் அதில் ஒரு கிணறும் இருந்தன. வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கிணறுதான் குடிக்க, குளிக்க, அவிக்க. 1932ஆம் ஆண்டு ஒரு காலையில் கந்தோர் ஆட்கள் வந்தார்கள். காணியைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தார்கள். பலகைப் படலை ஒன்றைப் போட்டு ஆமைப்பூட்டை மாட்டினார்கள். காணி குத்தகைக்குப் போய்விட்டது, இனி யாரும் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

யாருக்குப் போனது என்று கேட்க அன்றைக்கே ரபீகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனாள். அங்கே பொன்னுத்துரை என்ற யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் இருந்தார். மூக்குக் கண்ணாடி, கறுத்தக் கோட்டு, எப்போதும் சளி பிடித்த குரல். கெட்ட மனிதர் அல்ல. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம்.

"அக்கா, குத்தகைக்காரற்ற பேரை வெளி ஆக்களுக்குச் சொல்லக்கூடாது. அது கந்தோர்ச் சட்டம்."

"நான் வெளி ஆளா? அந்தத் தண்ணியில சோறாக்கித் தின்ட ஆள் நான். அவருக்கிட்டக் கேட்டா ரெண்டு குடம் அள்ள விடுவாராயிக்கும். பேரச் சொல்லுங்க, நான் போய்க் கேக்கிறன்."

"பேர் எனக்கும் தெரியாது. அது கொழும்பிலைதான் இருக்கும்."

அதன் பிறகு நடந்ததையெல்லாம் ரபீகா பின்னாளில் சொல்லும்போது ஒரே மூச்சில் சொல்வாள். விட்டு விட்டுச் சொன்னால் கோபம் கூடிவிடும். வரிசை வீட்டுக்காரர்கள் கொழும்புக்கு மனுப் போட்டார்கள். உங்கள் மனு கண்டிக் கந்தோருக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று கொழும்பு சொன்னது. கண்டியில் கேட்டால் கொழும்பிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றார்கள். பிறகு வந்தது, ஆனால் கந்தோர்ப் பெரியவர் லீவில் என்றார்கள். பெரியவர் லீவு முடிந்து வந்தபோது அவர் புதுப் பெரியவர். பழையவர் காலத்து விஷயம் தனக்குத் தெரியாது என்றார். கிணற்றில் போட்ட கல் என்று சொல்லக்கூட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. கிணறே பூட்டிக் கிடந்தது.

தண்ணீருக்குச் சந்திக் குழாய்க்குத்தான் போக வேண்டும். அங்கே எப்போதும் வரிசை. அடுத்த வீட்டு வடிவம்மாவும் அவளும் விடியும் முன்னே குடத்தோடு போவார்கள். வடிவம்மாவின் புருஷன் செல்லச்சாமி நகரசபையில் ரோட்டு வேலை செய்தான். அவர்களுடைய தகப்பன்மார் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். வடிவம்மாவுக்குப் பொறுமை அதிகம். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "விடுங்க ரபீகாம்மா, கவர்மெண்டோட யாரு மல்லுக்கட்ட முடியும், நம்ம தலையெழுத்து" என்பாள். தலையெழுத்து என்ற சொல்லைக் கேட்டாலே ரபீகாவுக்கு நெஞ்சு கொதிக்கும். எழுத்தெல்லாம் கந்தோரில்தானே இருக்கிறது, அதைத்தானே காட்டமாட்டேன் என்கிறார்கள் என்பாள்.

1934இல் மழை பொய்த்தது. மகாவலியில் பாறைகள் தெரிந்தன. சந்திக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது, பிறகு அதுவும் நின்று நின்று வந்தது. முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட காய்ந்த புல்லுக்கு நடுவே கிணற்றுக்கட்டு தெரியும். ரபீகா இடியப்பத்தைப் பாதியாகக் குறைத்தாள். கடைக்காரர்கள் வேறு ஆள் தேடத் தொடங்கினார்கள்.

அந்த வருஷம்தான் அரசாங்க சபையில் முடிக்காணிக் கந்தோர் பற்றிப் பேச்சு எழுந்தது. கண்டியில் மட்டுமல்ல, வேறு ஊர்களிலும் எந்தக் காணி யாருக்குப் போகிறது, யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை என்று அங்கத்தவர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள். விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழு கண்டி நகர மண்டபத்திலும் கூடும், முறைப்பாடு உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று பறை அடித்தார்கள்.

வரிசை வீட்டு ஆண்கள் கூடிப் பேசினார்கள். தையற்காரர் றவூப், தானே முன்னுக்கு நின்று பேசுவதாகச் சொன்னார். செல்லச்சாமி கூட வருவதாகச் சொன்னான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். விசாரணை நாள் கிட்ட வரவர ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று வந்தது. றவூபுக்குக் கலியாணத் தையல். செல்லச்சாமி நகரசபை வேலைக்காரன், அரசாங்கத்துக்கு எதிராகப் பேசினால் வேலை போய்விடும். இன்னொருவருக்கு வயிற்றுவலி. உண்மையான காரணம் எல்லாருக்கும் ஒன்றுதான்: கந்தோர் நினைத்தால் வீட்டை விட்டு எழுப்பிவிடலாம். ரபீகாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் பயத்தை விட எரிச்சல் பெரிதாகிவிட்டது. கந்தோர் மேல் இருந்த எரிச்சலில் பாதி இப்போது றவூபின் மேல் திரும்பியது.

பிலிமத்தலாவையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவளுடைய மூத்த சகோதரன் மர்சூக் நானா செய்தி கேட்டு ஓடி வந்தார். ஆம்பிளைகள் நிறைந்த மண்டபத்தில், அதுவும் துரைமார் முன்னால், நம் குடும்பத்துப் பெண் எழுந்து நின்று பேசுவதா என்று கேட்டார்.

"நானா, எலெக்ஷன் நாள்ல நீங்கதானே என்னக் கூட்டிப்போய் வோட்டுப் போடச் சென்ன. பெட்டியில சீட்டுப் போட நான் வேணும், கேள்வி கேக்க நான் வேணாமா?"

மர்சூக் தான் கூட வருவதாகவும் ஆனால் வாசலில்தான் இருப்பேன் என்றும் சொன்னார்.

நகர மண்டபத்தில் நீண்ட மேசைக்குப் பின்னால் குழு அங்கத்தவர்கள் இருந்தார்கள். ஒரு பக்கத்தில் கதிரை போட்டுக் கந்தோரின் கண்டிப் பெரியவரும், அவருக்குப் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த அதிகாரியும். மொழிபெயர்க்கப் பொன்னுத்துரையைத்தான் நிறுத்தியிருந்தார்கள். கந்தோர் மேல் முறைப்பாடு சொல்லக் கந்தோர்க்காரனா வாய் என்று ரபீகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

வேலி அடித்த நாளிலிருந்து நடந்ததைச் சொன்னாள். பொன்னுத்துரை ஒன்றையும் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னார் என்றுதான் நினைக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்லப் பெரியவரின் முகம் சிவந்தது. குழுத் தலைவர் பெரியவரிடம் திரும்பினார். குத்தகைக்காரர் யார் என்று கேட்டார்.

தனியார் விபரங்களை வெளியிடுவது வழக்கமில்லை என்றார் பெரியவர். நாங்கள் வழிப்போக்கர்கள் இல்லை, அரசாங்க சபை என்றார் தலைவர். அப்படியென்றால் விபரம் கொழும்பில் இருக்கிறது என்றார் பெரியவர். கொழும்பு அதிகாரி இருமினார். அது கண்டிக்கு அனுப்பப்பட்டு வெகு காலம் என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேருமே தலைமை அலுவலகத்தின் கட்டளைப்படிதான் எல்லாம் நடந்தது என்றார்கள். எந்தக் கட்டளை, யார் போட்டது என்று ஒரு அங்கத்தவர் கேட்டார். அதைத் தேடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு இது புதிது. ரபீகாவுக்கு இது மனப்பாடம். இத்தனை காலம் தன்னை அலைக்கழித்த அதே பேச்சைத் தன் கண் முன்னாலேயே துரைமாருக்கும் பேசுகிறார்கள் என்று கண்டபோது ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தன் மேல் பிழையில்லை.

அவள் பொன்னுத்துரையைப் பார்த்துச் சொன்னாள். "நான் சொல்றத அப்படியே கேளுங்க. அந்தக் குத்தகைக்காரர இவங்க கண்டீக்கிறாங்களா? வேலி போட்ட நாள்ல இருந்து அந்தப் படலய ஒரு மனுஷன் திறக்கல்ல. புல்லு என்ட உசரத்துக்கு வளந்தீக்கி. காசு குடுத்துக் காணி எடுத்தவன் புல்லையாச்சும் வெட்டமாட்டானா?"

பொன்னுத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு அப்படியே கேட்டார்.

பெரியவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். தலைவர் சத்தமாகச் சொல்லச் சொன்னார். மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகை போட ஒருவர் காணி கேட்டிருந்தார். அவருக்குக் கொடுப்பதாக இருந்ததால் வேலியை முன்கூட்டியே அடித்தார்கள். அவர் கையெழுத்து வைக்கும் முன்னே மனம் மாறி வேண்டாம் என்று போய்விட்டார். வேலியைக் கழற்றச் சொல்லி ஒருவரும் கட்டளை போடவில்லை.

"ஆகவே காணி இப்போது யாரிடம் குத்தகைக்கு இருக்கிறது?"

"ஒருவரிடமும் இல்லை."

பொன்னுத்துரை அதைத் தமிழில் சொன்னபோது மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். ரபீகா சிரிக்கவில்லை. குடம் சுமந்து காய்த்துப்போன இடுப்பை அவளையறியாமல் கை தொட்டது. எங்கேயோ ஒரு பணக்காரன் இருக்கிறான், அவனுக்கு இரக்கமில்லை என்று இத்தனை காலம் முகம் தெரியாத ஒருவனைத் திட்டித் தொழுகையிலும் சபித்திருந்தாள். அப்படி ஒருவனே இல்லை. பேர் சொல்ல மாட்டோம் என்று அவர்கள் காத்து வந்தது இல்லாத பேரை.

"அப்ப இண்டைக்கே திறக்கலாம்தானே" என்றாள்.

அதற்கும் ஒரு கட்டளை வேண்டும் என்று பெரியவர் சொன்னார். தலைவர் அவளைப் பார்த்து, குழு தன் அறிக்கையில் இதைக் கட்டாயம் குறிப்பிடும், அம்மா நிம்மதியாகப் போகலாம் என்றார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். அறிக்கை வந்தால் தண்ணீர் வருமா என்று ரபீகா கேட்டதைப் பொன்னுத்துரை மொழிபெயர்த்தாரா என்று தெரியவில்லை. அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அறிக்கைக்கு முன்னே காய்ச்சல் வந்தது. மழைக்காலம் தொடங்கும் தறுவாயில் மலேரியா கேகாலைப் பக்கத்திலிருந்து பரவியது; கண்டியைச் சுற்றிய ஊர்களிலும் வீட்டுக்கு வீடு ஆட்கள் காய்ச்சலில் படுத்தார்கள். செல்லச்சாமி நடுங்கிக் கிடந்தான். பிறகு வடிவம்மாவின் சின்ன மகளும் படுத்தாள். வடிவம்மாவுக்கு வீட்டை விட்டு நகர முடியவில்லை. ஒருநாள் குழாயிலிருந்து திரும்பிய ரபீகா, வடிவம்மா வாசலில் வெறும் குடத்தோடு அழுதுகொண்டிருந்ததைக் கண்டாள். பொறுமைசாலி அழுதால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தங்கையைப் பார்க்க மர்சூக் வந்திருந்தார். அவரிடம் இரும்பு அலவாங்கு ஒன்று கொண்டுவரச் சொன்னாள். என்னத்துக்கு என்று கேட்டார். சொன்னாள். அறிக்கை வரும் மட்டும் பொறு என்றார். அவள் வடிவம்மாவின் வாசலைக் கைகாட்டினாள். அவர் போய் றவூபின் வீட்டிலிருந்து அலவாங்கை வாங்கி வந்தார். பட்டப்பகலில், வரிசையே பார்த்துக்கொண்டு நிற்க, ரபீகா படலையின் பிணைச்சலுக்கு அடியில் அலவாங்கைக் கொடுத்து நெம்பினாள். இரண்டாம் தெண்டலுக்கு மர்சூக்கும் கை கொடுத்தார். படலை பூட்டோடு அப்படியே சரிந்தது. றவூப் வந்து புல்லை வெட்டினார். முதல் வாளித் தண்ணீர் வடிவம்மா வீட்டுக்குப் போனது.

சில நாளில் பொன்னுத்துரை வந்தார். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியது யார் என்று விசாரித்து வரச் சொல்லியிருந்தார்கள். ஆண்கள் கலைந்து வீட்டுக்குள் போனார்கள். ரபீகா மாப் படிந்த கையோடு வெளியே வந்தாள்.

"எழுதிக்கொள்ளுங்க. கழட்டினது ரபீகா. கடைசி வீடு. உங்கட கந்தோர் மாதிரி எனக்குப் பேர் சொல்லப் பயமில்ல."

பொன்னுத்துரை பென்சிலை எடுத்தார். எழுதவில்லை. கந்தோர் வழக்குப் போடுமா என்று மர்சூக் மெல்லக் கேட்டார். "ஆருக்காக வழக்குப் போடுறது? குத்தகைக்காரன் இருந்தாலெல்லோ அவன் முறையிடுவான்" என்றார் பொன்னுத்துரை. பிறகு, தொண்டை காய்கிறது, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் தாருங்கள் என்று கேட்டார். ரபீகா கொடுத்தாள். வேண்டுமென்றே பெரிய செம்பில் கொடுத்தாள்.

வழக்கு வரவில்லை. வடிவம்மாவின் மகள் பிழைத்தாள். செல்லச்சாமி பிழைக்கவில்லை. கிணறு முன்னமே திறந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று ரபீகா யாரிடமும் சொன்னதில்லை, அது அப்படியில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனால் சாகிற மனிதனுக்குக் கஞ்சி வைக்கச் சந்திக் குழாயில் வரிசையில் நின்ற நாட்களை அவளால் மன்னிக்க முடியவில்லை. வடிவம்மாவைத் தன்னோடு இடியப்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேருமாகக் கடைகளை மறுபடி பிடித்தார்கள்.

அறிக்கை அடுத்த வருஷம் வந்தது. கட்டுகலை விஷயம் வருந்தத்தக்கது என்று அதில் ஒரு வரி இருந்ததாக றவூப் கேள்விப்பட்டு வந்து சொன்னார். சபையில் விவாதம் நடந்தது. குத்தகை விபரங்களை எல்லாரும் பார்க்கும்படி மூன்று மொழியிலும் வெளியில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதை ஒட்ட இன்னும் இரண்டு வருஷம் ஆனது. கடைசியில் கந்தோர்ச் சுவரில் ஒட்டிவிட்டார்கள் என்று கேட்டதும் ரபீகா றவூபைக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். றவூப் எழுத்துப் பிழைகளைத் தாண்டித் தாண்டி வாசித்து, ஓர் இடத்தில் நின்று, மெல்ல அவளைத் திரும்பிப் பார்த்தார்.

கட்டுகலைக் கிணற்றுக் காணி, குத்தகைக்கு விடப்பட உள்ளது என்று எழுதியிருந்தது.

ரபீகா சுவரோரமாகச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். பொன்னுத்துரைக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. அந்தக் காணியைத் தன் பேரிலும் வடிவம்மா பேரிலும் எழுதச் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். எப்போது முடிவு தெரியும் என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"அக்கா, நீங்கள் தண்ணியை அள்ளுங்கோ" என்றார்.