வெள்ளைத் தட்டு தெரிந்த ஆழம்

எங்கள் வீட்டில் அலுமினியத் தட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு இருந்தது. பழவேற்காட்டுக் கடைவீதியில் நைனா வாங்கி வந்தது. விளிம்பில் நீலக் கோடு ஓடும். அது அக்காவின் தட்டு. வேறு யாரும் அதில் சாப்பிட மாட்டோம். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அதை ஏரிக்குள் இறக்க ஆரம்பித்தேன்.

அந்த ஐப்பசி வெள்ளம் ஆற்றுச் சேற்றையெல்லாம் அள்ளி வந்து ஏரியில் கொட்டியது. வழக்கமாக அது முகத்துவாரம் வழியே கடலுக்குப் போய்விடும். அந்த முறை வெள்ளம் வடிவதற்குள் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டது. மார்கழி வந்த பிறகும் தண்ணீர் டீ நிறத்திலேயே நின்றது.

ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்பதை எங்கள் ஊரில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இருப்பதில் நல்ல இடத்தின் பாடு நைனாவுக்கு அந்தத் தையில்தான் வந்தது. அடியில் புல் அடர்ந்திருந்ததால்தான் அது நல்ல இடம். இறால் குஞ்சுகள் அந்தப் புல்லுக்குள் ஒளிந்து வளரும். பாடு கைகொடுத்தால் அக்கா வீட்டில் இருப்பாள். கைவிட்டால், தூரத்துக் கரையில் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் பெண்களைக் கூட்டிப்போகும் ஓர் அம்மாளோடு அவளை அனுப்புவதாகப் பேச்சு. இறால் கிடைக்காத ஊரிலிருந்து இறால் உரிக்க ஆள் போவதில் இருந்த வேடிக்கைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. அன்று கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. திருப்பாலைவனத்திலிருந்து பஸ்ஸில் வரும் டீச்சர் கரும்பலகையில் ஒரு நெற்பயிரையும் சூரியனையும் வரைந்து, இலை வெயிலைக் கொண்டு தனக்கான சோற்றை ஆக்கிக்கொள்கிறது என்று சொன்னார். தண்ணீருக்கு அடியில் இருக்கிற புல் என்ன செய்யும் என்று கேட்டேன். அடிவரைக்கும் எவ்வளவு வெளிச்சம் போய்ச் சேருகிறதோ அதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்றார்.

எல்லார் மேலும் விழுவது ஒரே வெயில்தான். வயலில் நிற்கிற நெல் அதை நேராக வாங்கி மணியாக்கிவிடுகிறது. எங்கள் உவர் மண்ணில் முளைக்கிற உமரியோ, வாங்கியதில் ஒரு பங்கை உப்போடு மல்லுக்கட்டுவதிலேயே செலவழித்துவிட்டுக் குட்டையாக நின்றுபோகிறது. இதைப் பின்னால் கல்லூரியில் படித்தேன். ஏரிப் புல்லுக்குத் தண்ணீர் தின்றதுபோக மிச்சம்தான் என்பது மட்டும் அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

அக்காவின் தட்டைக் கிழிந்த வலைத்துண்டில் கல்லோடு சேர்த்துக் கட்டி, கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா கோல் ஊன்றித் தோணியை அந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாள். நான் கயிற்றை விடுவேன். குனிந்தால் நான் விழுந்துவிடுவேன் என்று, எட்டிப் பார்க்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். முதல் முடிச்சு முழுகும் முன்பே தட்டு மறைந்துவிடும்.

வீட்டில் இதற்குத் தினமும் திட்டு விழுந்தது.

"சோத்துக்கு ஒக்காந்தா தட்டு எங்கடி? போய் ஏரியாண்ட கேளு" என்பாள் அம்மா. நான் சேற்றைக் கழுவிக் கொண்டுவரும்வரை அக்கா சும்மா உட்கார்ந்திருப்பாள்.

நைனா வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டே கேலி செய்வார். "எம் பொண்ணு வெளிச்சத்த கயிறு போட்டு அளக்குறா. அப்டியே ரெண்டு கூடை புடிச்சாந்தீனா வித்துட்டு வந்துருவேன்."

தண்ணீர் தெளிந்தால் புல் வரும், புல் வந்தால் இறால் வரும் என்று நான் அவருக்கு விளக்கினேன். அவர் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வலைக்குள் குனிந்துகொண்டார்.

நைனாவின் பாடு தொடங்குவதற்கு முந்தின நாள் கயிற்றை இறக்கினேன். முதல் முடிச்சு முழுகியது.

"தெரியுதாக்கா?"

"தெரியுது."

இரண்டாவதும் முழுகியது. மூன்றாவது முடிச்சில் தட்டு அடியில் போய் உட்கார்ந்தது.

"இப்போ?"

"தெரியுதுடி. நல்லா வெள்ளையா தெரியுது. வா, வூட்டுக்குப் போலாம்."

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பழுப்புத்தான் தெரிந்தது. அவள் என்னைவிட உயரம், அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினேன். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் வலையில் கறுத்து அழுகிய புல்தான் வந்தது. அதற்கு அடுத்த நாளும் அதுவேதான். நைனா அதை உதறி உதறி அலசுவதைப் பக்கத்துத் தோணிக்காரர்கள் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடு முடிந்து அடுத்தவருக்குப் போனது. அந்த அம்மாள் வந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அக்கா கிளம்பிப் போய்விட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் விருந்தாளியாகத்தான் வந்தாள், வெந்ததுபோல் வெளுத்த விரல் நுனிகளோடு. நான் மேலே படித்ததெல்லாம் அந்த விரல்களால்தான்.

மாசியில் ஊரார் மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். கடல் உள்ளே வந்து சேற்றை இழுத்துக்கொண்டு போனது. நைனாவோடு தோணியில் போய்த் தட்டை இறக்கினேன். இந்த முறை நானே எட்டிப் பார்த்தேன். மூன்று முடிச்சும் முழுகி, அடியில் தட்டு கிடந்தது. அதன் நீலக் கோடுகூடத் தெரிந்தது. வெளிச்சம் அடிவரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு புல்கூட இல்லை. தட்டைச் சுற்றி வெறும் சேறு.

"தெரியுது பாரு நைனா" என்றேன். அவர் பார்த்தார். கோலை ஊன்றித் தோணியைத் திருப்பினார்.

வெளிச்சம் வந்துவிட்டதால் புல்லும் இரண்டொரு நாளில் வந்துவிடும் என்று நினைத்து, தினமும் போய் இறக்கிப் பார்த்தேன். அம்மா இப்போது திட்டவே இல்லை. சோற்றுக்கு உட்காரும்போது தட்டு எங்கே என்று கேட்கவில்லை. சில நாள் அது தோணியிலேயே கிடந்தது, அப்போதும் கேட்கவில்லை. என் படிப்பின் மேல் அம்மாவுக்கு ஒருவழியாக மதிப்பு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.