நான்கு உப்புப் படகுகளும் ஒரு பந்தாட்டக் கோஷ்டியும்

என் கணவரிடம் நான்கு படகுகள் இருந்தன. எண்ணூர் உப்பளங்களில் உப்பு ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியாகப் பட்டணத்துக்கு வரும் படகுகள். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள்; இல்லாவிட்டால் கரையில் ஆட்கள் நடந்து கயிறு போட்டு இழுப்பார்கள். நான் இராயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த நான்கு படகுகளும்தான் எங்கள் சொத்து. பணக்காரர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருந்ததில்லை.

எனக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருடம் கழித்து அவர் ஒரு ஃபுட்பால் கோஷ்டியை வாங்கினார். பக்கத்துத் தெரு விறகுக் கடைக்காரர் ஒருவர் அதை நடத்திவந்தார். அவருக்குக் கட்டுப்படி ஆகவில்லை. கை மாறியது என்னவென்றால் இரண்டு தோல் பந்து, சிவப்புச் சாயம் தோய்த்த ஒரு மூட்டை பனியன், டீக்கடையில் பெரிய பாக்கி, பிறகு அந்த ஆட்டக்காரர்கள்.

"இன்னாய்யா, உப்பு வாங்கினு வருவேன்னு பாத்தா ஆளுங்கள வாங்கினு வந்துகீறே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஆட்டத்தன்னிக்கு மைதானத்தாண்ட எவ்ளோ சனம் நிக்கிது பாத்தியா? எல்லாம் ஓசி. நாலு பக்கமும் தட்டி கட்டி, ஆளுக்கு ரெண்டணான்னு வச்சா, உப்புல ஒரு மாசம் வர்றது ஒரு சாயங்காலத்துல வந்துடும்."

முதல் வருடம் அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் அதை அறிவித்துக்கொண்டு தமுக்கு வண்டி டோல்கேட் வரைக்கும் போய்வரும். மறுநாள் மில்லில் சங்கு ஊதியதும் புளியந்தோப்பிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் ஆட்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வருவார்கள். நான் ஒரு ஜட்கா வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி அதற்குள் உட்கார்ந்து பார்ப்பேன். எங்கள் ஆட்களுக்கு வெறுங்கால். எதிரே பூட்ஸ் போட்ட வெள்ளைக்கார சோல்ஜர்கள். அந்தப் பூட்ஸ்களுக்கு நடுவில் பந்தை எடுத்துக்கொண்டு ஓட ஒருவரால்தான் முடிந்தது. புளியந்தோப்புக்காரர், ரயில்வே பட்டறையில் வேலை. மைதானத்தில் அவர் ஓடுவதைப் பார்த்தால் கூட்டத்தைப் போலவே நானும் வண்டிக்குள் எழுந்து நிற்கப் பார்ப்பேன்; கூண்டில் தலை இடிக்கும்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வஞ்சிரமும் இறாலும் அண்டா அண்டாவாகப் போகும். முழங்கால் சிராய்ப்பில் சுண்ணாம்பும் மஞ்சளும் பூசிக்கொண்டு, ஒவ்வொருவரும் தான் அடித்த கோலைச் சோற்றுக் கையாலேயே வரைந்து காட்டுவார்கள். இன்றைக்கும் எனக்கு அந்தச் சத்தம்தான் நல்ல காலம் என்று தோன்றுகிறது.

இரண்டாம் வருடம் மில்காரர்கள் சொந்தமாகக் கோஷ்டி வைத்தார்கள். நன்றாக ஆடுபவனுக்கு நிரந்தர வேலை என்றார்கள். எங்கள் கோல்கீப்பர் போனார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். மிச்சமிருந்தவர்களைப் பிடித்துவைக்க என் கணவர் மாதச் சம்பளம் பேசினார். ஆடுவதற்குச் சம்பளம் வாங்கக் கூடாது என்பது விதி; அதனால் வெளியே கேட்டால் படகு வேலை என்று பெயர். புளியந்தோப்புக்காரர் பட்டறை வேலையை விட்டுவிட்டு எங்களிடமே வந்தார். உப்பு விற்றாலும் விற்காவிட்டாலும், ஆட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், முதல் தேதி ஆனால் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதை நாங்கள் பிறகுதான் சரியாகப் புரிந்துகொண்டோம்.

அப்போதுதான் பெரிய ஆட்டம் ஒன்று பேசி முடித்தார். அதற்காகச் ஜனங்கள் உட்காரச் சவுக்குக் கட்டையில் படிப்படியாக மேடை கட்ட வேண்டும் என்று என் காசுமாலையைக் கேட்டார்.

"குடுக்கமாட்டேன்" என்றேன். "படகு ஒன்னோடது. வித்துக்கோ, கொளுத்திக்கோ. இது எங்கம்மா போட்டது."

கோபப்படுவார் என்று நினைத்தேன். "சரி, நாயந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய் முதல் படகை விற்றார்.

மேடை எழும்பியது. கூட்டமும் நெருக்கியடித்து வந்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது மழை. ஐப்பசி மழை விடுமா? பனியன் சாயம் கரைந்து ஆட்டக்காரர்களின் காலெல்லாம் சிவப்பாக ஓடியது. முட்டளவு தண்ணீரில் பந்து மிதந்தது. வெள்ளைக்கார ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். ஜனங்கள் டிக்கெட் விற்ற கொட்டகையைச் சூழ்ந்துகொண்டு, "துட்டக் குடு, துட்டக் குடு" என்று கத்தினார்கள்.

டிக்கெட் விற்றவர் பின்பக்கமாகப் போய்விடலாம் என்றார். என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அவுங்க கூலிக்காரங்க. ஆட்டத்துக்குத்தானே குடுத்தாங்க? மழையப் பாக்கவா குடுத்தாங்க?" நனைந்துகொண்டே ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்தார். டிக்கெட் வாங்காமல் தட்டியைப் பிரித்து நுழைந்தவர்களும் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். பெட்டி காலியான பிறகும் ஆட்கள் நின்றார்கள். இரண்டாவது படகு அதற்குப் போயிற்று.

அந்தத் தையில், ஒன்றுமில்லாத ஒரு சின்ன ஆட்டத்தில், புளியந்தோப்புக்காரரின் கால் முறிந்தது. பூட்ஸ் பட்டு முழங்காலுக்குக் கீழே இரண்டாக மடங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து எங்கள் கூடத்தில்தான் படுக்க வைத்தோம். இனிமேல் ஆடமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக மில் கோஷ்டிக்குப் போனார்கள். போகிறவர்கள் வாசலில் நின்று என் கணவர் காலைத் தொட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது.

ஒருநாள் கஞ்சி கொடுக்கப் போனபோது புளியந்தோப்புக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அண்ணி, நான் வூட்டுக்குப் போறேன். ஒரு கால வச்சிகினு ஒங்களுக்கு இன்னாத்துக்கு நான்? அண்ணாத்தே எனக்கோசரம் இன்னொரு படகு விக்கிறாராமே."

எனக்கு அப்போதுதான் மூன்றாவது படகு விலைபேசப்படுவது தெரிந்தது. "மொதல்ல கஞ்சியக் குடி" என்றேன். "பட்டறை வேலைய நீயா வுட்டே? நாங்க இட்டுகினு வந்தோம். காலு சரியாவறவரிக்கும் நீ இந்த வூட்டு ஆளு."

மேடை கட்டக் கொடுக்காத காசுமாலையை மறுநாள் நானே எடுத்துப்போய் வைத்தியச் செலவுக்காக அடகு வைத்தேன். அன்று சாயங்காலம் என் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். ஆனாலும் மூன்றாவது படகு கையில் நிற்கவில்லை. மைதான வாடகை, சவுக்குக் கட்டைக்காரர், பழைய சம்பளம் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கோஷ்டியை வாங்கிக்கொள்ளச் சொல்லி நாலு இடத்தில் கேட்டார். ஆட்டக்காரர்கள் இல்லாத கோஷ்டியை யார் வாங்குவார்கள்?

மிஞ்சியது ஒரு படகு. கால் கூடிய பிறகு புளியந்தோப்புக்காரர் அதில் சுக்கான் பிடிக்க ஏறினார். தாங்கித் தாங்கித்தான் நடப்பார். ஆனால் உட்கார்ந்து பிடிக்கும் சுக்கானுக்கு அது தடையாக இல்லை. கால்வாயில் எங்கே ஆழம், எங்கே சேறு என்று ஒரு மழைக்காலத்துக்குள் கற்றுக்கொண்டார். அந்த ஒற்றைப் படகில் எங்கள் இரண்டு குடும்பமும் சாப்பிட்டது. காசுமாலை மீள நெடுங்காலம் ஆயிற்று. அதையும் அவர்தான், தன் கூலியில் மிச்சம் பிடித்து, மீட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் என் கணவரும் மில் கோஷ்டியின் ஆட்டம் பார்க்கப் போவார்கள். திரும்பும்போது தெருமுனையிலிருந்தே வாக்குவாதம் கேட்கும். அந்தப் பந்தை இடது காலால் அடித்திருக்க வேண்டும் என்பார் ஒருவர். தலையால் முட்டியிருக்க வேண்டும் என்பார் மற்றவர். ஒருமுறை என் கணவர் உள்ளே வந்ததும், "இப்ப ஆட்டம் பாக்கறதுக்கு எவ்ளோ நல்லாக் கீது தெரியுமா? மழைக்கு மானம் கறுத்தாக்கூட வவுத்தக் கலக்கல" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் சோறு போட்டேன்.