சும்மா கிடைத்த இணையத்தளம்

போர் முடிந்து மீள்குடியேறியபின், எங்கள் கடற்கரை ஊரான அரிப்பில் என் மனைவி போடும் கருவாட்டை வெளியூருக்கு விற்க இணையத்தளம் செய்துதந்தவர் ஒரு கணினிக்காரர். ஒல்லியான மனிதர். வாய் திறக்குமுன் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பார்.

“ஆயத்தமாக் கிடக்கிற தளம், அண்ணை. அதைச் செய்த கம்பனியே சும்மா குடுக்குது.”

“சாத்தானும் சும்மா தரமாட்டான், தம்பி. ஏன் குடுக்கிறாங்கள்?”

கண்ணாடியைத் துடைத்தார். “வள்ளத்தைச் சும்மா தந்தால், எஞ்சினுக்கும் திருத்துறதுக்கும் அவையளிட்டத்தானே போவியள்? கனபேர் ஓட்டினால் எங்க ஓட்டையெண்டும் அவையளுக்குச் சொல்லுவினம். தளமும் அப்பிடித்தான்.”

வள்ளம் என்றதும் எனக்குப் பயம் பிடித்தது. பாதர் மந்திரிக்காத வள்ளத்தை நாங்கள் கடலில் இறக்குவதில்லை. ஓடிப்போய்ப் பாதரைக் கூட்டிவந்தேன்.

பாதர் தீர்த்தம் தெளிக்க, கணினிக்காரர் பதறி மடிக்கணினியை நெஞ்சோடு பொத்திக்கொண்டார். தீர்த்தம் முழுதும் அவர் தலையில் விழுந்தது.

கருவாடு நன்றாக விற்கிறது. ஆசீர் தளத்தில் பட்டதா, அவரில் பட்டதா என்று தெரியாததால், இரண்டுக்கும் சேர்த்தே செபிக்கிறேன்.