மூன்றாம் நிரையில் ஒரு புள்ளி

கடந்த சனிக்கிழமை ஒரு படத்தைச் சுத்தம் செய்து கொடுத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஹட்டனில் நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வந்து ஆறு மாதமாகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இருக்கும் புள்ளிகளை அழிப்பது என் பொறுப்பு. டிப்ளோமா படித்தவள் அல்லவா... அதற்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஒன்று, ஸ்கேனர் கண்ணாடியைத் துடை. இரண்டு, படத்தை இருநூறு சதவீதம் பெரிதாக்கு. மூன்று, அசலில் கை வைக்காதே. பிரதியில் வேலை செய்.

அக்கரப்பத்தனையிலிருந்து மகேஸ்வரி அக்கா ஒரே ஒரு படத்தோடு வந்திருந்தார். முன்னால் இளவயதுக் கங்காணி ஒருவர். கோட்டு, தொப்பி, கையில் கம்பு — தோட்டத்தையே எழுதி வாங்கியவர் போல நிற்கிறார். பின்னால் தேயிலை மலை. படம் முழுக்கப் பூஞ்சணம் பிடித்த வெள்ளைப் புள்ளிகள்.

"புள்ளியெல்லாம் எடுத்துட்டுப் பெருசாக்கிக் குடுங்க தங்கச்சி. அம்மாவோட வருசத் தெவசம் வருது. செவுத்துல மாட்டணும்."

தெவசம் அம்மாவுக்கு, படத்தில் நிற்பவரோ ஆண். கேட்டிருக்க வேண்டாமா? நான் கேட்கவில்லை. அப்பாவும் காலமாகிவிட்டார் போலும் என்று நானே முடிவு செய்து, அவர் முகத்தை மரியாதையோடு மெருகேற்றினேன். மலைக்கு ஒரே ஃபில்டர். பளிச்!

சனிக்கிழமை அக்கா வந்தார். கூடவே அந்தக் கங்காணியும் வந்தார். நடந்து... உயிரோடு.

படத்தை நீட்டினேன். பெரியவர் மலர்ந்துபோனார்.

"நம்மள நல்லா எடுத்திருக்கீங்கம்மா!"

"ஒங்கள யாருப்பா பாத்தா? ஒங்க மூஞ்சியத்தான் தெனமும் வீட்டுல பாக்குறோமே," என்ற அக்கா மலையையே துழாவினார். "அம்மா எங்க தங்கச்சி?"

"எந்த அம்மா, அக்கா?"

"இந்தா, இந்த மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னாங்கல்ல!"

அசல் படத்தைக் குனிந்து பார்த்தேன். பூஞ்சணத்துக்கு நடுவே கடுகளவு வெள்ளைத் தலைத்துண்டுகள். ஒரு மலையில் வேலை செய்த அத்தனை பேரையும் ஒரே நொடியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

"வேற படம் இல்லையா? அடையாள அட்டைப் படமாவது?"

"அட்டை கெடைக்கிறதுக்கு முந்தியே போயிட்டாங்க. அம்மான்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

ஹட்டன் குளிரில் எனக்கு வியர்த்தது.

நல்லவேளை, தொடாத ஸ்கேன் பத்திரமாக இருந்தது. ஆனால் பூஞ்சணமும் வெள்ளை, தலைத்துண்டும் வெள்ளை. எது அம்மா? தவறான புள்ளியைப் பெரிதாக்கிக் கொடுத்தால், அந்தக் குடும்பம் காலமெல்லாம் பூஞ்சணத்துக்கு மாலை போடுமே!

பெரியவர் நாற்காலியை மொனிட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

"நிரையப் பாரும்மா. ஆளுக்கு ஒரு நிரை. செடிக்கு நடுவுல உள்ள வழியாத்தான் ஏறுவாங்க. செடி மேல யாராச்சும் ஏறி நிப்பாங்களா? இது அழுக்கு. இதுவும் அழுக்கு. அழிங்க."

அவர் சொன்னார், நான் அழித்தேன். கடைசியில் பதினொரு பேர் மலையில் மிஞ்சினார்கள்.

"ரோட்டுப் பக்கத்துலயிருந்து மூணாவது நிரை. அவதான்."

"எப்படி ஐயா அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"நிரை பிரிச்சுக் குடுத்ததே நான்தானே!"

"ஆமா," என்றார் அக்கா. "கட்டிக்கப் போறவங்கன்னு தெரிஞ்சும் அந்தச் செங்குத்து மேட்டக் குடுத்திருக்காரு. அம்மா கடைசிவரைக்கும் சொல்லிக்காட்டுனாங்க."

"சலுகை காட்டுனா மத்த பொம்பளைங்க சும்மா விடுவாங்களா?"

"அந்தக் கோவத்துலதானே அன்னைக்குப் படத்துக்கு ஒங்க பக்கத்துல வந்து நிக்கல."

"இன்னும் பெருசாக்குங்கம்மா," என்று பெரியவர் திரைப் பக்கம் திரும்பினார்.

மூன்றாம் நிரையைப் பெரிதாக்கினேன். முகம் தெரியவில்லை. தலைத்துண்டு, முதுகில் கூடை, செடியின் மேல் குனிந்த கழுத்து... அவ்வளவுதான். அக்கா திரையில் விரலை வைத்தார். எடுக்க நேரமானது. பிறகு முகம் கழுவப் பின்பக்கம் போனார்.

அம்மாவை நடுவில் கொண்டுவந்தால், ஓரத்தில் கங்காணியின் தோளும் தொப்பியும் இடிக்கின்றன. தயங்கியபடி பெரியவரைப் பார்த்தேன்.

"என்னத்துக்கு யோசிக்கிறீங்க? என்னைய வெட்டிருங்கம்மா. அவ மட்டும் இருக்கட்டும்."

வெட்டுவதற்காக மவுஸை நகர்த்தினேன். அவர் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தொப்பிய மட்டும்... ஓரத்துல கொஞ்சம் விட முடியுமா?"

விட்டிருக்கிறேன். அக்கா கேட்டால், தூசி என்று சொல்லிக்கொள்ளலாம்.