ஓமனா டீச்சரின் இன்னொரு பெயர்

திருவனந்தபுரத்தில் தமிழில் எதையும் ரகசியமாகப் பேச முடியாது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் தொப்பையைப் பற்றி வீட்டுக்காரியிடம் போனில் கிசுகிசுத்தால், அவர் நம் பக்கம் திரும்பி மலையாளத்தில் பதில் சொல்வார். ஆட்டோக்காரரில் இருந்து பல் டாக்டர் வரை எல்லோருக்கும் நம் பேச்சு புரிந்துவிடுகிறது. ஆனால் எழுதிக் காட்டினால் அநேகம் பேருக்கு ஓரெழுத்தும் தெரியாது. எங்கள் வள்ளியூரில் இதற்கு நேர் எதிர். அங்கே எழுதினால்தான் மாட்டிக்கொள்வோம். வாயால் சொன்னதை, "நான் எப்ப வே சொன்னேன்?" என்று துடைத்துவிட்டுப் போய்விடலாம். எல்லை தாண்டியதும் ரகசியத்தின் இருப்பிடம் வாயிலிருந்து கைக்கு மாறியதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சாலைக் கடைத்தெருவில் பைப்பும் குழாயும் தண்ணீர் மோட்டாரும் விற்கும் மொத்தக் கடையில் நான் மேனேஜர். அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆர்டர் சீட்டின் மூலையில், வந்தவரைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக் குடோனுக்கு அனுப்புவோம். "பேரம் பேசியே சாகடிப்பார்." "நாளை வருவேன் என்பார், நம்பாதே." வாடிக்கையாளர் அந்த எழுத்தை ஏதோ கம்பெனி முத்திரை போல மரியாதையோடு பார்த்துக்கொண்டு நிற்பார். இந்தத் தைரியம் சும்மா இருக்குமா? என் போனுக்குள்ளும் குடியேறியது. முதலாளி பெயர் அதில் 'மழைமேகம்'. என் மனைவி செல்வி, 'ஹெட் ஆபீஸ்'. நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஓமனா டீச்சர், 'மோட்டார் ராட்சசி'.

டீச்சர் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் அவர் வீட்டின் பின்பக்க ஒற்றை அறையில் நான்கு வருடமாக இருக்கிறேன். தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அவர் வசம். நிமிடக் கணக்குப் பார்த்து அணைத்துவிடுவார். தலை முழுக்க ஷாம்பு நுரையோடு, வறண்ட குழாயைத் திருகியபடி நின்றவனுக்குத்தான் அந்தப் பெயரின் நியாயம் விளங்கும்.

இந்த வருடம் அவர் வீட்டு மாடி காலியானது. இரண்டு அறை, சமையலறை, தனிக் கதவு. அது கிடைத்தால் செல்வியையும் மகளையும் ஜூனில் இங்கே கூட்டிவந்துவிடலாம். நான்கு வருடமாகச் சனிக்கிழமை ரயிலில் போய், ஞாயிறு மாலை திரும்பி வருகிறேன். என் சொந்த வீட்டில் எனக்கு விருந்தாளித் தட்டு வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சரிடம் கேட்டேன். "ஆலோசிக்கட்டே" என்றார். யோசித்துப் பார்க்கிறேன் என்று பொருள். இந்த ஊரில் அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அங்கே செல்வியோ மகளின் மாற்றுச் சான்றிதழுக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

டீச்சரின் மனதைக் கரைக்க எனக்கு ஒரு வழி அகப்பட்டது. வளைகுடாவில் இருக்கும் என் மச்சினன், இணையத்தில் இலவசமாகப் பேச ஒரு செயலியை அனுப்பியிருந்தான். "அத்தான், சல்லிக் காசு செலவில்ல. கண்ண மூடிட்டு எல்லாத்துக்கும் சரி கொடுங்க" என்றான். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், அது கேட்டுக்கொண்டிருக்கும். போட்டதும் மைக் வேண்டும் என்றது, கேமரா வேண்டும் என்றது, நான் இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்றது, என்னிடம் உள்ள எல்லாருடைய எண்ணும் பெயரும் வேண்டும் என்றது. எங்கள் கல்யாணத்தில்கூட யாரும் யாரிடமும் இவ்வளவு கேட்கவில்லை. பில்லில் சீல் அடிக்கிற வேகத்தில் அனுமதி, அனுமதி என்று குத்தித் தள்ளினேன். செல்வியும் தம்பியோடு பேச அதைப் போட்டுக்கொண்டாள். டீச்சரின் மகனும் வளைகுடாவில்தான். அவர் போனிலும் என் கையாலேயே அதை ஏற்றிக் கொடுத்தேன். டீச்சர் எனக்கு ஒரு கிண்ணம் பாயசம் தந்தார். மாடியின் பாதிப் படி ஏறிவிட்டதாக நினைத்தேன்.

நாலாம் நாள் காலை டீச்சர் போனோடு என் அறை வாசலுக்கு வந்தார். அந்தச் செயலியில் ஒரு பக்கம் இருக்கிறதாம். ஓர் எண்ணைத் தட்டினால், அதை மற்றவர்கள் தங்கள் போனில் என்ன பெயரில் வைத்திருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டுமாம். தன் எண்ணைத் தட்டிப் பார்த்திருக்கிறார். ஓமனா டீச்சர், ஓமனா ஆன்ட்டி, அம்மா. நான்காவதாகத் தமிழில் இரண்டு சொற்கள்.

"அண்ணாச்சீ, இதொந்நு வாயிச்சு தா. இது தமிழல்லே?"

படித்துச் சொல்ல வேண்டும். நான்! எழுதியவனையே வாசிக்கச் சொல்லும் தண்டனை எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"மோட்டார்..." என்றேன். அதுவரை உண்மை. "மோட்டார் லட்சுமி, டீச்சரே."

"லட்சுமியோ? ஆரா இங்ஙனே எழுதியது?"

"பிளம்பர் யாராச்சும் இருக்கும். தண்ணி கொடுக்கிற கைக்கு ஒரு மரியாதை."

டீச்சர் என்னை ஒரு தப்பான விடையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "செரி. அக்ரஹாரத்தில் என்றெ கூட்டுக்காரி ஒரு மாமியுண்டு. தமிழ் நன்னாயிட்டு வாயிக்கும். வைகிட்டு கோயிலில் காணும்போள் சோதிக்காம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைகிட்டு என்றால் சாயங்காலம். தமிழ் வாசிக்கத் தெரிந்த தோழியிடம் கேட்டுவிடப் போகிறார். எனக்குப் பத்து மணி நேரம் இருந்தது. முதலில் என் போனில் 'மோட்டார் ராட்சசி'யை அழித்து 'ஓமனா டீச்சர்' என்று போட்டேன். பிறகு செயலியையே தூக்கி எறிந்தேன். பயன் இல்லை என்று கடையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. என் போனில் அழித்தால், அவர்கள் எடுத்துக்கொண்டுபோன நகல் எங்கே அழியும்? நான் எறிந்தது பூட்டை. வீட்டுச் சாமான் போய் நாலு நாள் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு மைக் ஞாபகம் வந்தது. போனை வாஷர் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். அது உள்ளேயிருந்து அடித்தபோது முதலாளி மழைமேக முகத்தோடு எட்டிப் பார்த்தார். கூப்பிட்டது ஹெட் ஆபீஸ்தான்.

"எதுக்கு இப்படி குசுகுசுன்னு பேசுதிய?" என்றாள் செல்வி.

"கேக்குது, செல்வி. நாம பேசுறது எல்லாத்தையும் அது கேக்குது."

"நாலு வருசமா நான் பேசுறத நீங்களே கேக்கல. அதாவது கேக்கட்டும். மாடி என்னாச்சு?"

போனை மறுபடி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

மாலையில் நான் வீடு திரும்பியபோது டீச்சர் முன்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போய்வந்த சந்தனம் நெற்றியில் காயவில்லை.

"மோட்டார் லட்சுமி வந்நு" என்றார்.

நான் செருப்பைக் கழற்றவில்லை. ஓடுவதென்றால் வசதியாக இருக்கும். "டீச்சரே, தலையில சோப்போட நின்னப்ப எழுதினது. ரெண்டு நாள்ல மாத்தணும்னுதான்..."

"நாலு கொல்லமாயி" என்றார். நாலு வருடம் ஆகிவிட்டதாம். கணக்கு டீச்சர்.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. போனை என் பக்கம் நீட்டினார். முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமி தமிழை வாசித்துச் சிரித்து முடித்ததும், என் எண்ணையும் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். முதல் வரி மலையாளத்தில் இருந்தது. பேருந்துப் பலகை படிக்கும் அளவுக்கு எனக்கு அந்த எழுத்து வரும். கூட்டிக் கூட்டிப் படித்தேன். 'பின்னிலெ பாண்டி.' பின்பக்கத்துப் பாண்டி. தமிழர்களை இங்கே முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயர். எழுதியது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம் என்னைக் குடிவைத்தவர் ஒருவர்தான்.

என்னை அவர் துரத்தப்போகிறார் என்று நான் நடுங்கிய அதே நேரத்தில், இதை நான் முன்பே பார்த்திருப்பேனோ என்று அவரும் நடுங்கியிருக்கிறார். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"மாமி பறஞ்ஞு, ரெண்டும் ரெண்டும் தட்டிக் கழிஞ்ஞு பூஜ்யம்" என்றார் டீச்சர் கடைசியில். "ஜூனில் அவரெ கொண்டுவரூ. மோட்டார் ராவிலெ ஆறு மணிக்கு, அர மணிக்கூர். ஒரு நிமிஷம் கூடியால் ஞான் ராட்சசி தன்னே." அவரெ என்றால் செல்வியும் மகளும்; ராவிலெ என்றால் காலை.

என் கண்முன்னே என் பெயரை 'மோளிலெ அண்ணாச்சி' என்று மாற்றினார். மாடி அண்ணாச்சி.

ஜூனில் செல்வியும் மகளும் வந்தார்கள். காலையில் மோட்டார் போடும் வேலை இப்போது என்னுடையது. டீச்சர் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்பார். போன வாரம் ஒரு காலை, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் போனில் என் எண்ணை மறுபடி தட்டிப் பார்த்தோம். 'மோளிலெ அண்ணாச்சி' வந்திருந்தது. 'பின்னிலெ பாண்டி'யும் போகவில்லை. மச்சினன் என்னை 'மலையாளி அத்தான்' என்று வைத்திருக்கிறான். கடைசி வரி தமிழில். 'அவுக வெளியூர்.'

அண்ணாந்து கூப்பிட்டேன். "ஏட்டி செல்வி, போன்ல எம்பேர இன்னும் மாத்தலியா?"

"வந்த அன்னைக்கே மாத்தியாச்சு. அந்தச் சனியன் மறக்க மாட்டங்கு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. கூடவே தோசை முறுகும் வாசனையும் வந்தது. டீச்சர் கடிகாரத்தை என் முன் நீட்டினார். ஒரு கையில் 'அவுக வெளியூர்' என்று மின்னிக்கொண்டிருந்த போனைப் பிடித்தபடி, இன்னொரு கையால் எங்கள் வீட்டு மோட்டாரை அணைத்தேன்.